அஞ்சாம் வரிசை, எட்டாவது பொம்மை

கொஞ்சம் தள்ளி உட்காருங்க. நீங்க வசதியா உட்காருங்க, வேணாம்னு சொல்லலை, இந்தச் சுருள் மேல மட்டும் உங்க பை படாம பார்த்துக்குங்க. கசங்கக் கூடாது. கசங்கினாத்தான் என்ன, அன்னைக்கே இதைக் கிழிச்சுக் கடல்ல விட்டிருந்தா இந்த வெயில்ல பஸ் பிடிச்சு நான் நாகப்பட்டினத்துக்கும் வீட்டுக்குமா அலைய வேண்டியதில்லை. கருமம் பிடிச்ச தாளு. ஆனா கசங்கக் கூடாது. எங்க வீட்டுக்காரர் உசுரு இந்தத் தாள்லதான் கெடக்கு.

காலண்டர் இல்லைங்க. எல்லாரும் அதைத்தான் கேட்கிறாங்க. காலண்டரா இருந்தா வருஷம் முடிஞ்சதும் தூக்கிப் போட்டுடலாமே. இந்தாங்க, பிரிச்சே காட்டுறேன், அந்த ஓரத்தைப் பிடிங்க. நூறு பொம்மை. தலைக்கு ஒரு உருண்டை, உடம்புக்கு ஒரு கட்டை. ஆம்பளையா பொம்பளையான்னு தெரியாது. பத்து வரிசை, வரிசைக்குப் பத்து. அதுல பன்னிரண்டு பொம்மை சிவப்பு. மிச்சமெல்லாம் வெள்ளை. அவ்வளவுதான் படம். இந்தப் படத்துக்காக என் மேல மண்ணை வாரித் தூத்தினாங்க, நம்புவீங்களா?

என் பேரு தையல்நாயகி. சுனாமிக்கு அப்புறம் கட்டிக் கொடுத்த குடியிருப்புல இருக்கோம், பாலம் தாண்டி இறங்கணும். போன வருஷம் தையில எங்க மகளிர் குழுவுக்கு ஒரு டிரஸ்ட்லேர்ந்து வந்தாங்க. வீடு வீடாப் போய் பிரஷர் பார்க்க ஒரு பொம்பளை வேணும், மிஷின் கொடுத்து நாங்களே சொல்லித் தர்றோம்னாங்க. நான் ஏழாவது வரைக்கும் போனவ. மத்தவளுங்க ஒருத்தியை ஒருத்தி இடிச்சுக்கிட்டு சிரிச்சாளுங்க. நான் கையைத் தூக்கினேன். அந்தக் கையை அன்னைக்கு யாராவது பிடிச்சு இழுத்து வச்சிருக்கக் கூடாதா?

வேலை எப்படின்னா, அதைச் சொன்னா சோறு இறங்காது. ஒவ்வொருத்தர் கையும் ஒவ்வொரு நாத்தம். கருவாடு காயப் போட்ட கையோட வந்து நீட்டுவாளுங்க. கழுவிட்டு வாடின்னா, "பிரஷர் என்ன கை வாசனையா பார்க்குது?"ம்பாளுங்க. ஆம்பளைங்க அதுக்கு மேல. நூத்தி அறுபது இருக்கு, உப்பைக் குறைங்கன்னா, "கடல்ல பொறந்தவனை உப்பைக் குறைங்கிறியா?"ன்னு கேட்டுட்டு எழுந்து போயிடுவாங்க. கஞ்சிக்குச் சுட்ட கருவாடு, அதுக்குத் தொட்டுக்க மாங்காய் ஊறுகாய். பார்த்தாலே எனக்குக் குமட்டும்.

அப்பத்தான் சித்திரையில அந்தப் பொண்ணு வந்துச்சு. ஹரிப்பிரியான்னு பேரு, சென்னைப் பொண்ணு, டிரஸ்ட்டுல பெரிய படிப்பு படிச்சது. "அக்கா, நம்பர் சொன்னா ஜனங்களுக்கு ஏறாது. படமாக் காட்டினா ஏறும்"னு சொல்லி மூணு தாளு கொடுத்துச்சு. வயசுக்கு ஒரு தாளு. முப்பதுலேர்ந்து நாற்பத்தொன்பது வரைக்கும் உள்ளவங்களுக்கு ஒண்ணு, அம்பதுலேர்ந்து அறுபத்தி நாலு வரைக்கும் ஒண்ணு, அதுக்கு மேல உள்ளவங்களுக்கு ஒண்ணு. அந்த வயசுல நூறு பேர் இருந்தா, பத்து வருஷத்துக்குள்ள அதுல இத்தனை பேருக்கு மாரடைப்போ பக்கவாதமோ வரலாமாம். அந்த இத்தனை பேர்தான் சிவப்பு. சின்ன வயசுக்கு மூணு சிவப்பு, நடு வயசுக்குப் பன்னிரண்டு, மூத்தவங்களுக்கு இருபத்தேழு.

எல்லாம் சரிதான். ஆனா தாளு வந்தது ஜெராக்ஸ். ஒரு சிவப்பும் இல்லை. "நீங்களே ஸ்கெட்ச் பேனாவால அடிச்சுக்குங்க அக்கா"ன்னுச்சு.

"எந்தப் பன்னிரண்டும்மா அடிக்கணும்?"

"எது வேணும்னாலும் அக்கா. யாருக்கு வரும்னு யாருக்குமே தெரியாதுல்ல? அதனால கலைச்சுக் கலைச்சு அடிங்க."

எது வேணும்னாலும்! அது சொல்லிட்டு ஆட்டோ ஏறிப் போயிடுச்சு. நான்தானே உலையை வச்சுட்டு தரையில குந்தி அடிச்சது? கை போன போக்குல அடிச்சேங்க, சாமி சத்தியமா. ஒண்ணும் நெனைச்சு அடிக்கலை.

முதல்ல வயசுக் கூத்தைச் சொல்றேன். மூணு தாளையும் எடுத்துக்கிட்டு வீடு வீடாப் போனேனா? எந்த வீட்டுலயும் எல்லாருக்கும் நாற்பத்தஞ்சு. பேரன் பள்ளிக்கூடம் போறான், இவளுக்கு நாற்பத்தஞ்சு. தலை பூரா மையி, காதோரம் வெள்ளை, கேட்டா நாற்பத்தாறு. "அந்த மூணு சிவப்புத் தாளையே எனக்குக் காட்டு தையலு"ன்னு கையைப் பிடிச்சுக்கிறாளுங்க. வயசைக் குறைச்சா வியாதி குறையுமா? த்தூ. எனக்கு இந்தப் பொய்யெல்லாம் வராது. என் வயசு நாற்பத்தொன்பதுன்னா நாற்பத்தொன்பதுதான். எங்க மூத்தவளுக்கே இப்ப முப்பத்தேழு நடக்குது, அவகூட என்கிட்ட, ஏம்மா இப்படி ஊரோட மல்லுக்கட்டறேம்பா.

என்ன, கணக்குப் போடறீங்களா? டீச்சரா நீங்க? அதான் பார்த்தேன், அந்தப் பார்வை.

சரி, நடு வயசுத் தாளுதான் முக்கியம். அதை மட்டும் ரேஷன் கடைச் சுவத்துல ஒட்டினேன், போறவங்க வர்றவங்க பார்க்கட்டும்னு. பத்து பொம்பளைங்க கூடினாங்க. "நூறுல பன்னிரண்டு"ங்கறேன். மாடு மாதிரி முழிக்கிறாளுங்க. எப்படித்தான் சொல்றது? எனக்கு ஒரு வழி தோணுச்சு. "நம்ம குடியிருப்புல எத்தனை வீடு? நூறு. பத்து வரிசை, வரிசைக்குப் பத்து. இதுவும் பத்து வரிசை, வரிசைக்குப் பத்து. அப்படியே நெனைச்சுக்குங்க. நூறு வீட்டுல பன்னிரண்டு வீட்டுக்கு வரும்"னேன். புரியறதுக்காகச் சொன்னதுங்க. புரியறதுக்காக ஒருத்தி ஒண்ணு சொல்லக் கூடாதா?

அவ்வளவுதான். ஒருத்தி விரலை எடுத்து வச்சா. மேலேர்ந்து எண்ணினா. ஒண்ணு, ரெண்டு, மூணு. உங்களுக்கு ஏன்னு தெரியாது. வீடு ஒதுக்கினப்ப எங்களுக்கு இப்படித்தான் ஒரு தாளு ஒட்டினாங்க. நூறு கட்டம், பத்துக்குப் பத்து. ஆளாளுக்கு விரலை வச்சு எண்ணித்தான், இது நம்ம வீடு, கடல் பக்கமா ரோட்டுப் பக்கமான்னு கண்டுபிடிச்சோம். அந்த விரல் மறக்குமா? அரைமணி நேரத்துல குடியிருப்பு பூரா வந்து அந்தச் சுவத்துல விரலை வச்சு எண்ணுது. வெள்ளை வந்தவ நெஞ்சுல கையை வச்சு மூச்சு விடறா. சிவப்பு வந்தவ அப்படியே நிக்கிறா.

நாற்பத்தேழாம் நம்பர் சிவப்பு. அது என் ஓரகத்தி அமிர்தம் வீடு, எங்க வீட்டுக்காரரோட அண்ணன் பொண்டாட்டி. நாங்க நாற்பத்தெட்டு. அடுத்த சுவரு. நாங்க வெள்ளை.

வந்தா பாருங்க அமிர்தம். தலையை விரிச்சுப் போட்டுக்கிட்டு, ரெண்டு கையிலயும் மண்ணு.

"ஏண்டி தையலு, எண்ணி எண்ணி என் வீட்டுக்கு அடிச்சியே, உன் வீட்டுக்கு அடிச்சியாடி?"

"அது வீடு இல்லக்கா, பொம்மை."

"நாற்பத்தேழு எண்ணத் தெரியாதவளாடி நான்? சாக்கடைத் தண்ணி உன் வாசல்ல வருதுன்னு சண்டை போட்டியே, அதுக்கா? குழாயடியில குடத்தைத் தள்ளினேனே, அதுக்கா?"

"அக்கா, நான் எதையும் மனசுல வச்சு அடிக்கலை."

"இருபத்தொண்ணாம் நம்பர்க்காரன்கிட்ட நீ பேசறதில்லை. அவனுக்குச் சிவப்பு. அறுபத்தி மூணுகாரி உன்னைக் கோள்சொல்லின்னா. அவளுக்குச் சிவப்பு. எல்லாம் தன்னால விழுந்துச்சாடி?"

சொல்லிட்டு மண்ணைத் தூத்தினா. என் தலையில, கண்ணுல, வாயில. இப்ப நெனைச்சாலும் பல்லுல நறநறங்குது. டீச்சர், உங்ககிட்ட மறைக்கிறதுக்கு என்ன இருக்கு? பேனா எங்கெங்கயோ போச்சு. நாற்பத்தேழு கிட்ட வந்து நின்னுச்சு. அதுவா நின்னுச்சு. மையும் அங்கதான் நல்லா இறங்குச்சு. அதுக்கு நான் என்ன பண்ணுவேன்? அடுத்து நாற்பத்தெட்டு. அதைத் தாண்டிட்டேன். சொந்த வீட்டுல சிவப்பு வைக்க எந்தப் பொம்பளைக்குக் கை வரும்? அது தப்பா?

அந்தப் பொண்ணை வரவழைச்சேன். வந்து, மைக் இல்லாமயே நல்லாத்தான் பேசுச்சு. "இது வீடு இல்லைங்க. இது யாரோட பேரும் இல்லை. வெள்ளையா இருக்கிறவங்க யாரு, சிவப்பா இருக்கிறவங்க யாருன்னு நமக்குத் தெரியாது. அதனால எல்லாருமே பிரஷர் பார்க்கணும்"னுச்சு. அமிர்தம் கேட்டா: "நீ எந்த ஊரும்மா? உன் தெருவை வரைஞ்சு, அதுல சிவப்பு அடிச்சுக் காட்டேன்." பொண்ணு என் பக்கம் திரும்புச்சு. தாளைக் கழட்டிடலாமான்னு என்னைக் கேட்டுச்சு. கழட்டினா நான் செய்வினை வச்சது நெசம்னு ஆயிடாதா? இருக்கட்டும்னேன்.

அப்புறம் நடந்ததுதான் இன்னும் அசிங்கம். அந்தப் பன்னிரண்டு வீட்டுக்காரங்களும் ஒரு லோடு ஆட்டோ பிடிச்சுப் பெரியாஸ்பத்திரிக்குப் போனாங்க. எதுக்கு? தங்களுக்கு ஒண்ணும் இல்லைன்னு சீட்டு வாங்கி என் மூஞ்சியில விட்டெறியறதுக்கு. போனா, எட்டு வீட்டுல பிரஷர் இருக்கு. மூணு வீட்டுல சக்கரையும் இருக்கு. சீட்டோட போனவங்க மாத்திரையோட வந்தாங்க. பயம்! காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, மணி தவறாம போடறாங்க. கருவாட்டை நிறுத்திட்டாங்க. அமிர்தம் மகனோட பழைய கேன்வாஸ் ஷூவை மாட்டிக்கிட்டு, நைட்டி மேல துண்டு போட்டுக்கிட்டு, காலையில கடற்கரையில வேகு வேகுன்னு நடக்கிறா. பார்க்கச் சகிக்கலை. எட்டு கிலோ குறைஞ்சிருக்கா. மூச்சு வாங்கறது நின்னு போச்சு. என்னைத் தாண்டிப் போறப்ப இன்னும் வேகமா நடக்கிறா, எனக்குக் காட்டணுமாம்.

மத்த எண்பத்தெட்டு வீடு? மிஷினைத் தூக்கிக்கிட்டுப் போனா கதவைப் பாதி சாத்தறாங்க. "நாங்க வெள்ளை. நீ போய் உன் சிவப்புக்காரங்களைப் பாரு"ங்கறாங்க. ஏற்கெனவே மாத்திரை போட்டுக்கிட்டிருந்தவங்ககூட நிறுத்திட்டாங்க. எப்படி இருக்கு? நான் வீடு வீடாப் போய் மூணு மாசம் தொண்டை வத்தச் சொன்னது போச்சு, ஒரு ஜெராக்ஸ் தாளு பண்ணின வேலை.

ஐப்பசியில இருபத்திரண்டாம் நம்பர் வீட்டு மனுஷன் வாசல்ல பல்லு விளக்கிக்கிட்டிருந்தவர் அப்படியே சாய்ஞ்சுட்டார். மாரடைப்பு. வெள்ளை வீடு. இனிமேயாவது புத்தி வரும்னு நெனைச்சேன். எழவு வீட்டுலயே பேசிக்கிறாங்க: "இருபத்தொண்ணுக்கு வர வேண்டியது, வீடு மாறி வந்துடுச்சு." தபாலாங்க அது, வீடு மாறி வர்றதுக்கு? எனக்கு அந்த எழவு வீட்டுல உட்காரவே பிடிக்கலை. அங்க கொடுத்த காபியை அப்படியே வச்சுட்டு எழுந்து வந்துட்டேன்.

நானா? எனக்குப் பிரஷர் பார்த்துக்கிட்டேனான்னா கேட்கிறீங்க? எனக்கெதுக்குங்க. நான் பார்க்கிறவ. ஒத்தைக் கையால அந்தப் பட்டையை இறுக்கிக் கட்டவும் வராது.

எங்க வீட்டுக்காரர் விஷயத்துக்கு வர்றேன். அம்பத்தெட்டு வயசு. போட்டுல போயிட்டிருந்தவர், இப்ப கரையில உட்கார்ந்து வலை பழுது பார்க்கிறார். அவருக்கு மேல நூத்தித் தொண்ணூறு, கீழ நூத்திப் பத்து. நானே மூணு நாள் பார்த்தேன். ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவை இழுத்துக்கிட்டுப் போனேன், மாத்திரை கொடுத்தாங்க. அரிசி டின்னு மேல அப்படியே இருக்கு. தொடமாட்டேங்கறார். சோத்துல பொடிச்சுப் போட்டேன். ஒரு வாய் வச்சார், நாக்கைச் சுழட்டினார், தட்டைத் தள்ளிட்டார். அன்னைக்கு ராத்திரியிலேர்ந்து என் சமையலை மோந்து மோந்து பார்த்துச் சாப்பிடறார், நாய் மாதிரி. எனக்கு எப்படி இருக்கும்?

முந்தாநாள் வலை ஊசி அவர் கையை விட்டு நழுவுச்சு. எடுத்துக் கொடுத்தேன். மறுபடியும் நழுவுச்சு. இடது கை மரத்திருக்குன்னார், ஏதோ எறும்பு கடிச்ச மாதிரிச் சொல்றார். அவர் வாய் கோணியிருக்கான்னு பார்த்தேன். ஏன்னா அந்தப் பொண்ணு அதைத்தான் முதல்ல சொல்லிக் கொடுத்துச்சு. கை மரத்தா, வாய் கோணினா, பேச்சுக் குழறினா, உடனே தூக்கிக்கிட்டு ஓடணும்னு.

"வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"எதுக்கு? நம்ம வீடு வெள்ளை."

"ஐயோ, அது வெறும் படம். எத்தனை தடவை சொல்றது?"

"வெறும் படமா?"

"வெறும் படந்தான்."

மனுஷன் சிரிச்சார் பாருங்க. முப்பத்தெட்டு வருஷமா அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்காது. "அப்போ நீ உன் கையால நம்ம வீட்டுக்குச் சிவப்பு அடிச்சுட்டு வா. அடிச்சுக் காட்டு. அந்த நிமிஷமே மாத்திரையை முழுங்கிட்டு, நீ சொல்ற ஆஸ்பத்திரிக்கு வர்றேன்"னார்.

போனேங்க. ரேஷன் கடைச் சுவத்துக்கிட்ட. மூடியைத் திறந்தேன். அஞ்சாம் வரிசை, எட்டாவது பொம்மை. இந்தா, இதுதான். பேனா கிட்டப் போகுது. அவர் உட்கார்ந்து வலை பின்ற மாதிரியே தெரியுது. அந்தக் கட்டை உடம்பும் உருண்டைத் தலையும், அவரேதான். அதுல போய் ரத்தம் மாதிரி ஒரு சிவப்பைப் பூசுவேனா? மூடிட்டு வந்துட்டேன். "அடிச்சியா?"ன்னார். "கடை பூட்டியிருந்துச்சு"ன்னேன். சுவருக்கு என்ன பூட்டு? மறுபடியும் சிரிக்கிறார்.

வேற யாரைக் கேட்கிறது? அமிர்தத்தைக் கேட்டா ஓடி வந்து அடிப்பா. அத்தனை சந்தோஷத்தோட அடிச்சா பலிச்சுடும். அதனால இன்னிக்குக் காலையில தாளைக் கழட்டி எடுத்துக்கிட்டு டிரஸ்ட் ஆபீசுக்குப் போனேன். அந்தப் பொண்ணு அடிக்கட்டும். அதுக்கு எங்க மேல நல்லதும் இல்லை கெட்டதும் இல்லை.

கேட்டுட்டு என்ன சொல்லுச்சு தெரியுமா? முதல்ல, அவரை உடனே கூட்டிக்கிட்டுப் போங்கன்னு கத்துச்சு. வரமாட்டேங்கறாரேன்னேன். போன் போட்டு அவர்கிட்ட பேசுச்சு. "சரிம்மா, சரிம்மா, தாளு வரட்டும்"னு வச்சுட்டார். அப்புறம் தாளைப் பார்த்துட்டு, "அக்கா, இதோட பதிமூணு ஆயிடும். பன்னிரண்டுதான் சரியான கணக்கு. இதை அடிச்சா வேற ஒண்ணை வெள்ளையாக்கணும்"னு சொல்லுது! வெள்ளை மை பாட்டிலைத் தேடுது டீச்சர்! என் புருஷனுக்குக் கை மரத்துக் கெடக்கு, இது கணக்கு சரியா வரணும்னு நிக்குது. எதை வெள்ளையாக்கறது? அமிர்தத்தையா? வெள்ளையாக்கின மறுநாளே அவ மாத்திரையைத் தூக்கிப் போட்டுட்டுக் கருவாடு சுடுவா. ஷூவைக் கழட்டிடுவா. அவ நடக்கிறது எனக்குச் சகிக்கலைதான். ஆனாலும் நடக்கட்டும், சனியன். வேணாம்மான்னு தாளைப் பிடுங்கிக்கிட்டு வந்துட்டேன். பதிமூணாவே இருந்துட்டுப் போகட்டும்.

அடுத்து பாலம். அதுக்கடுத்து எங்க ஸ்டாப்பு. அவர் வாசல்லயே உட்கார்ந்திருப்பார், நான் வெறுங்கையோட வந்தா சிரிக்கிறதுக்கு.

டீச்சர், நீங்க அடிங்களேன்.

நீங்க யாரோ, நான் யாரோ. எங்க வீட்டுக்காரரை நீங்க பார்த்ததுகூட இல்லை. உங்களுக்கு எங்க மேல என்ன இருக்கு? இந்தாங்க பேனா. என் கையால அடிச்சேன்னு அவர்கிட்ட சொல்லிக்கிறேன், அந்தப் பொய் என்னைச் சேரட்டும். மேலேர்ந்து அஞ்சாம் வரிசை. ஆறு வெள்ளை, ஒரு சிவப்பு, அது அமிர்தம். அதுக்கு அடுத்தது. ஆங், அதேதான். நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன். ஜன்னல் வழியா பார்த்துக்கிட்டிருக்கேன். அடிச்சுட்டுச் சொல்லுங்க.

ஆச்சா?

ஆச்சா டீச்சர்?

என்னங்க, மூடியைத் திறந்துட்டு அப்படியே வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்க? பாலம் வந்துடுச்சு. படிச்சவங்கதானே நீங்க? எத்தனை பிள்ளைங்களுக்கு எத்தனை படம் வரைஞ்சு காட்டியிருப்பீங்க? வெறும் பொம்மைதானே? உங்களுக்கு ஏன் கை நிக்குது?

சீ. நீங்களுமா?

பேனாவைக் குடுங்க இப்படி. குடுங்கங்கறேன். பையை எடுங்க, தாளை என் மடியில வைங்க, அந்த ஓரத்தை நல்லா அழுத்திப் பிடிங்க. கண்டக்டரே, வண்டியை ஒரு நிமிஷம் ஆடாம நிறுத்தச் சொல்லுங்க, நான் இறங்கணும். இறங்கறதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு. அட, நிறுத்துங்கய்யா. பேனா கோடு தாண்டி நாற்பத்தொன்பது மேல பட்டுடப் போகுது. அந்த வீட்டுல ரெண்டு பச்சைப் பிள்ளைங்க இருக்கு.